கனவிற் பெற்ற இசை யாருடையது?

துயிலிற் காணுங் கனவைக் கனவென்று அப்பொழுதே அறிந்து, அதனைத் தம் விருப்பின்வழிச் செலுத்தி, அதன்கண் புதிய இசையைக் கேட்டு, விழித்தபின் பாடவும் எழுதவும் முயல்வார் சிலர் இக்காலத்து உளர். அங்ஙனம் பெற்ற இசை அவர்க்கே உரியதோ, இறைவன் அருளியதோ, வெறும் மயக்கமோ என்பது ஆராயற்பாலது. இஃது இசைவாணர்க்கு மட்டும் உரிய வினாவன்று. ஆன்மா கருவிகளோடு கூடியும் நீங்கியும் நிற்கும் முறையைப் பற்றியதாகலின், நம் சாத்திர எல்லைக்குள் அடங்குவதேயாம்.

இத்தகைய கனவை ஈண்டுத் 'தெளிகனவு' என வழங்குவோம். பிரெஞ்சு நாட்டறிஞர் எர்வே த சேன் தெனி என்பார் கனவுகளைப் பற்றியும் அவற்றைச் செலுத்தும் வழிகளைப் பற்றியும் 1867-இல் ஒரு நூல் வெளியிட்டனர். நடன அவையில் மாதர் இருவரோடு ஆடுங்கால் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வோர் இசையே வாசிக்குமாறு அவர் ஏற்பாடு செய்துகொண்டனர். பின்னர்த் தாம் உறங்கும்போது ஓர் இசைப்பெட்டி அவ்விசையுள் ஒன்றை ஒலிக்கச் செய்ய, அதற்குரியவரே கனவில் தோன்றினராம். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பாரும், பின்னர் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் என்பாரும், உறங்குவோர் முன்னரே பேசிக்கொண்டபடி கண்களை இடமும் வலமும் அசைத்துத் தாம் கனவில் தெளிவோடிருத்தலைக் குறிப்பிக்கக் கண்டனர். ஆகலின் தெளிகனவு உண்டோ இல்லையோ என்னும் ஐயத்துக்கு இனி இடமில்லை.

இனி நம் நூல்வழிக் காண்போம். நனவில் ஆன்மா புருவநடுவில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு தொழிற்படும். அறிகருவி ஐந்தும் செயற்கருவி ஐந்தும் ஒழிய, எஞ்சிய இருபத்தைந்தோடு கண்டத்தில் நிற்பது கனவு. செவி ஒழிந்த விடத்தும் சத்தம் ஒழிந்திலது. வாக்கு ஒழிந்த விடத்தும் வசனம் ஒழிந்திலது. அந்தக்கரணம் நான்கும் உடனுள. ஆகவே புறத்தே ஒலியின்றியும் கனவில் இசை நிகழ்தற்குத் தடையில்லை. கனவுக்குரிய இடமாகிய கண்டமே குரல் பிறக்கும் இடமுமாதல் இனிய ஒற்றுமை. அதன்மேல் ஒரு கொள்கையைக் கட்டுதற்கு யான் துணியேன்.

அற்றேல், 2021-இல் அமெரிக்கா, பிரான்சு, செருமனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆராய்ச்சியாளர் உறங்குவோரை வினாவ, அவருட் சிலர் உறங்கியவாறே கண்ணசைவால் விடை கூறினரே. செவி ஒழிந்ததெனல் யாங்ஙனம் பொருந்தும் எனின், இது நல்ல தடையே. நனவினுள்ளேயே ஐந்து அவத்தையும் நிகழ்தலை நம் நூல்கள் கூறும். பாதையில் நடப்பவன் எண்ணத்தில் ஆழ்ந்து அருகே அழைப்பாரைக் கேளாதிருத்தல் அதற்குச் சான்று. அதுபோலவே கனவினுள்ளும் நனவின் கூறு ஒரோவழி வந்து கலத்தல் கூடும் என்பது என் கருத்து. புறத்தினின்று வந்த வினா சிலர்க்குக் கனவுக் காட்சியின் பகுதியாகவே கேட்டதென்பதும் இக் கலப்பைக் காட்டும். வாயில் முற்றும் அடையாமல் ஒருக்களித்து நிற்கிறதெனக் கொள்க. இதனினும் சிறந்த அமைதி காண்பார் எழுதுவாராக.

தெளிகனவே துரியமென்றும் யோகப்பேறென்றும் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. கனவைக் கனவென்று துணிதல் புத்தியின் தொழில். அதனால் ஆணவம் அணுவளவும் மெலிந்ததில்லை. 'யான் விரும்பியது தோன்றுக' என ஏவுங்கால் அது தழைக்கவுங் கூடும்.

இனி இசை எங்கிருந்து வந்தது? இல்லது தோன்றாதென்பது நம் சற்காரியவாதம். 2006-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வாளரின் ஓர் ஆய்வில், இசைத்தொழிலார் பிறரினும் இருமடங்குக்கு மேலாக இசையைக் கனவிற் கேட்கின்றனர் என்றும், அது நாட்பயிற்சியின் அளவைப் பொறுத்ததன்று, இசை கற்கத் தொடங்கிய வயதைப் பொறுத்ததென்றும் கண்டனர். இளமையிற் படிந்த வாசனையே முதலாயிற்று. ஆயினும் அவர் நினைவிற்கொண்ட இசையிற் பாதிக்கு அணித்தானது வழக்கிலுள்ள இசையன்று. நூல் பழையதாகவும் ஆடை புதியதாதல் போலும் இது.

இங்கிலாந்து நாட்டுப் பாடகர் பால் மக்கார்ட்னி ஓர் இசையைக் கனவிற் பெற்றுத் துயிலெழுந்தனர். அது 1965-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'யெஸ்டர்டே' என்னும் பாட்டாயிற்று. அவரோ, இது பிறர் இசையாயிருக்குமோ என அஞ்சிச் சில வாரம் பலரிடமும் வினவித் திரிந்தனர். அவர் பாட்டினும் இவ்வச்சத்தையே யான் மதிக்கின்றேன். இத்தாலிய வயலின் வித்துவான் தார்த்தீனி தம் கனவிற் பேயொன்று வாசிக்கக் கேட்டதை விழித்தெழுத முயன்று, எழுதியது தம் இசையுள் தலைசிறந்ததாயினும் கேட்டதற்கு மிகத் தாழ்ந்ததென வருந்தினர் என்பது 1769-இல் அச்சான செய்தி. (பேயென்றதும் நமக்குக் காரைக்காலம்மையார் நினைவு எழும், அவர் கண்டது அவ்வகைப் பேயன்று.) கைக்கடங்காத இசையென்றால் யாழ்மூரியை நினையாதிருத்தல் அரிது. ஆனால் தருமபுரத்தில் ஆளுடைய பிள்ளையார் பாடியதும், அது யாழிலடங்காமை கண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்கப் புகுந்ததும் அவையறிய நனவில் நிகழ்ந்தன. தார்த்தீனி கேட்டதைப் பிறர் கேட்டிலர். கனவில் இசையோடு அதனை மதிப்பிடும் கரணமும் மயங்கியிருந்ததோ என ஐயுற இடமுண்டு.

இறைவன் கனவில் உணர்த்துதல் இல்லையோ எனின், உண்டு. பெரிய புராணத்துள் காடவர்கோன் கண்ட கனவை நோக்குக. தான் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளை அரசன் மாற்ற வேண்டியதாயிற்று. நின்றவூர் சென்று பூசலார் மனத்தால் எடுத்த கோயிலை அவர் வாயாற் கேட்டறிந்தபின் அக் கனவு மெய்யென உறுதிப்பட்டது. ஆலவாயில் யாழ்ப்பாணரைத் திருமுன்பு கொணருமாறு ஏவிய கனவும் ஒருவர்க்கன்றித் தொண்டர் பலர்க்கும் தோன்றியது. இவற்றை ஒருவரும் வருவித்திலர். கண்டார் விருப்பை இவை பின்பற்றவுமில்லை. தெளிகனவிலோ ஏவுவானும் கேட்பானும் சான்று கூறுவானும் ஒருவனே.

ஓதுவார் பயிற்சி பெறும் இளைஞரொருவர், இரவில் ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, சிறிது விழித்திருந்து மீளவும் உறங்கும் முறையால் இக் கனவைப் பழகியவர், கனவிற் பெற்ற இசையில் திருப்பதிகத்தைக் கோயிலில் ஓதலாமோ என்று வினவினர். கூடாதென்றேன். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைக் கண்டபின், பண்முறையை எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் வாயிலாகவே பெற்றனர். கனவு கண்டு அமைத்தாரல்லர். தாமே இயற்றும் பாட்டுக்கு அவ்விசையைக் கொள்ளுதலில் குற்றமில்லை. இறைவன் தந்தானெனப் பிறரிடம் கூறற்க என்றும், உறக்கம் உயிர்களின் இளைப்பாற்றுதற்கு அமைந்ததாகலின் நாடோறும் அதனைக் குலைக்கற்க என்றும் சொன்னேன். அவர் அதனைப் பாடிக் காட்டினர். முற்பாதியில் நீலாம்பரிச் சாயல் தெளிவாயிருந்தது. அன்னையார் தாலாட்டியது அவ்விராகத்திலேயே என்பது கேட்டபின் தெரிந்தது. பிற்பாதி எதன் வழியதென்று எனக்குப் புலப்படவில்லை. அதனைத் தம் ஆசிரியர் முன் பகலிற் பாடிக் காட்டுமாறு சொல்லியனுப்பினேன்.