கயிறு யார் கையில்?

வகுப்பறையிலே நிலப்படத்தை விரித்து, மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஓடும் எல்லைக் கோட்டைக் கோல்கொண்டு காட்டிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை.

"ஐயா, படத்திலே கோடு தெரிகிறது, தண்ணீரிலே எப்படித் தெரியும்?"

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கோட்டைக் கடந்தார் என்று பிடிபட்டு, அயல்நாட்டுச் சிறையிலே கிடந்து மீண்டவர் அவன் தந்தை. கோட்டின் பெயரை நாம் அறிவோம். அதன் விலையை அவன் அறிவான்.

நாட்டுப் பாதுகாப்பு! இச்சொல்லைக் கேட்டதும் எழுந்து நிற்கப் பழகியிருக்கிறோம். எழுந்து நின்று கேள்வி கேட்கப் பழகவில்லை. பாதுகாப்பு யாருக்கு? யாரிடமிருந்து? என்ன விலைக்கு? அவ்விலையைக் கொடுப்பவர் யார்?

இக்கேள்விகள் முத்துக்கரைக்குப் புதியன அல்ல. 1530-களில், முத்துச்சலாபத்தில் எழுந்த போட்டியிலும் பூசலிலும் நலிந்த பரதவர், கொச்சிக்குத் தூது சென்று போர்ச்சுகீசியரிடம் காவல் வேண்டினர். காவல் கிடைத்தது. விலையும் கேட்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். முத்து வருவாயிலே போர்ச்சுகீசியரின் கை ஓங்கிற்று. அம்மக்கள் தழுவிய சமயத்தை நாம் குறைகூற வரவில்லை. மூழ்குகிறவன் நீட்டிய கயிற்றைப் பற்றுவான், அது குற்றமன்று. ஆனால் காக்க வந்தவர் கணக்கெடுக்கத் தொடங்கினர். 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியரே, போர்ச்சுகீசிய அதிகாரிகளின் கொடுமையைத் தம் மடல்களிலே கடிந்து எழுத நேர்ந்தது. 1658-இல் டச்சுக்காரர் வந்தனர். 1825-இல் ஆங்கிலேயர் வந்தனர். காவலர் மாறினர், கடலில் மூழ்குபவன் மாறவில்லை!

உரிமைகளை ஒரு பேராற்றலிடம் ஒப்படைத்து உயிர்க்காவலைப் பெறுவதே அரசின் தோற்றம் என்று 1651-இல் எழுதினார் ஆங்கிலப் பேரறிஞர் ஹாப்ஸ். அந்நூல் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னரே அந்த வாணிகத்தைச் செய்து, அதன் நட்டத்தையும் கண்டுவிட்டது நம் தூத்துக்குடிக் கரை. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கழகம் கண்டு, கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-இல் அரசுக்கு எதிராகப் பேசினார் என்று அவரைச் சிறையிலே தள்ளிற்று வெள்ளை ஆட்சி. அன்று ஆட்டங்கண்டது நாட்டின் பாதுகாப்பா? நாட்டை ஆண்டோரின் பாதுகாப்பா?

முத்துக்குளித்த நாளை எண்ணிப்பாருங்கள். கல்லைக் காலிலே கட்டி, மூச்சையடக்கி ஒருவன் மூழ்குவான். தோணியிலே நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருப்பவன் அசைத்தால் மேலே இழுக்கவேண்டும். நொடி தவறினால் உயிர் தவறும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையிலே கொடுப்பது வழக்கம் என்று இக்கரையிலே சொல்வார்கள். ஏன்? மூழ்கியவன் மீளாவிட்டால் வாழ்விழப்பவள் அவனுடைய தங்கை! உறவின் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இழப்பிலே பங்குள்ளவன் கையிலேதான் காவல் இருக்கவேண்டும் என்னும் அறம் அதிலே அடங்கியிருக்கிறது. 1961-க்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கயிறு கற்பித்த பாடமும் அத்துடன் போய்விட வேண்டுமா?

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையொப்பமிட்ட உடன்பாட்டினால் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. ஜூலை 23-இல் அச்செய்தி மக்களவைக்கு வந்தபோது இரா.செழியன் எதிர்த்து முழங்கினார். ஆனால் கையெழுத்தின் மை அதற்கு முன்பே காய்ந்திருந்தது. 1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவிலும் கோடு கிழிக்கப்பட்டது. இந்திய மீனவர் இலங்கைக் கடலிலே மீன்பிடித்தல் ஆகாது என்பது அன்று பரிமாறப்பட்ட மடல்களிலே எழுதப்பட்டது. அது நெருக்கடி நிலைக்காலம். தமிழக அமைச்சரவை கலைக்கப்பட்டு இரண்டு திங்கள்கூட நிறையவில்லை. கேட்கச் சட்டமன்றம் இல்லை. எழுத இதழ்களுக்கு உரிமை இல்லை.

அண்டை நாட்டோடு நட்பு வேண்டாமா என்பர். வேண்டும். எல்லை தெளிவானால் போர் குறையும் என்பர். உண்மை. குமரிமுனைக்குத் தெற்கே மீன்வளம் கொழிக்கும் வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு உறுதியாயிற்று என்பர். அதையும் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே: கயிற்றைப் பிடித்தவர்களில் கடலில் இறங்குகிறவனின் உறவினன் ஒருவனேனும் இருந்தானா? அவனைக் கேட்காமலே அவன் மூச்சுக்கு அளவு வகுப்பது நட்பாகலாம், நீதியாகுமா?

இக்கேள்வியின் கூர்முனை நம் பக்கமும் திரும்பும். திரும்பட்டும்! 1983-இல் மூண்டு 2009-இல் முடிந்த போரினால் கடல் மறுக்கப்பட்டிருந்தவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னாரத்து மீனவர்கள். போர் ஓய்ந்து, கடன் வாங்கி வலை வாங்கி, கடலுக்குள் இறங்கினர். அந்த வலைகளை அறுத்தவை எவை? பாக் நீரிணையிலே நம் கரையிலிருந்து போன விசைப்படகுகளின் இழுவைமடிகளும் அவற்றில் உண்டு. கடலின் அடியையே வாரிச் செல்லும் அந்த மடியை 2017-இல் இலங்கை சட்டத்தால் தடுத்தது. சுடுவதும் அடிப்பதும் கொடுமை என்கிறோம். அது கொடுமையே, அதற்குச் சாக்கு இல்லை. ஆனால் அக்கரை மீனவனின் அடுப்பை அணைத்துவிட்டு, நம் அடுப்புக்குப் பாதுகாப்புக் கேட்பது என்ன அறம்? அவன் தமிழன் என்பதற்காக மட்டுமன்று, அவனும் மூச்சடக்கி உழைக்கும் மனிதன் என்பதற்காகவே இதைக் கேட்கிறோம்.

ஒருவன் அச்சத்தின்மீது இன்னொருவன் எழுப்பும் காவல் காவலன்று. அது நாட்டுக்கு நாடும் பொருந்தும், படகுக்குப் படகும் பொருந்தும். ஆகவே, தலைநகரங்கள் பேசட்டும். அந்த மேசையிலே இருகரை மீனவரும் இடம் பெறட்டும். இழுவைமடியைக் கைவிடும் உழைப்பாளிக்கு மாற்றுத் தொழிலை அரசு தரட்டும்.

மாணவனுக்கு அன்று நாம் சொன்ன விடை இதுதான்: "தம்பி, கோடு தண்ணீரிலே தெரியாது. அதைக் கிழித்தவர்களுக்கு உன் தந்தை தெரியவில்லை. அவர்களுக்குத் தெரியும்படி எழுதவும் பேசவும் நீ கற்றுக்கொள்."

அவன் உட்காரவில்லை. "அக்கரையிலே இருக்கிற பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள், ஐயா?" என்றான்.