மேகத்துள் நற்காட்சி



நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளும் ஒருங்கே கூடியதுதான் வீட்டுநெறி என்பதை உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் தன் தொடக்கத்திலேயே நிறுவுகிறது. அவற்றுள் நற்காட்சி முன்னிற்பது ஏன்? அறிவும் ஒழுக்கமும் போதாவோ? ஆகமத்தை நம்புக என்பது கண்ணை மூடிக்கொள்க என்பதற்கு மறுபெயரோ? கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இவ்வாறு வினவும்போது பெரியோர் சிலர் சினங்கொள்கின்றனர். சினம் விடையாகாது. வினா நேர்மையானது, விடையும் நேர்மையானதாக இருத்தல் வேண்டும். அவ்விடையை இம்முறை நாம், வானூர்தி செலுத்தக் கற்கும் மாணாக்கனின் பாடத்திலிருந்து எடுத்துக்கொள்வோம்.

தொடுவானம் மறையும்போது

விமானம் ஓட்டக் கற்பவன் முதலில் வெளியே பார்த்தே ஓட்டுகிறான். வானும் மண்ணும் கூடும் தொடுவானக் கோடு எதிரே தெரிகிறது. விமானத்தின் முகப்பு அக்கோட்டிற்கு மேலே எழுந்துள்ளதா, கீழே தாழ்ந்துள்ளதா, சிறகுகள் அதற்கு இணையாக உள்ளனவா என்று கண்டு செலுத்துகிறான். மேகத்துள்ளோ, மூடுபனியிலோ, நிலவற்ற இரவில் கடல்மீதோ புகுந்துவிட்டால் அக்கோடு மறைந்துவிடும். நாற்புறமும் ஒரே வெண்மை. அன்றேல் ஒரே கருமை. அப்போது அவனிடம் எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று, தன் உடல் கூறும் உணர்வு. மற்றொன்று, எதிரே பலகையில் உள்ள கருவிகள். இவை இரண்டும் மாறுபடும்போது எதனை நம்புவது என்பதே கருவிவழிப் பறத்தல் என்னும் பாடத்தின் உயிர்நிலை.

“நம் உடல் சாய்ந்தால் நமக்குத் தெரியாதா?” என்று நாம் எண்ணுவோம். தெரியாது என்பதே உண்மை. நம் உட்செவியில் அரைவட்ட வடிவில் மூன்று நுண்குழல்கள் உள்ளன. அவற்றுள் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழலும் உடன் திரும்புகிறது. உள்ளிருக்கும் நீர் சற்றே பின்தங்குகிறது. அப்பின்தங்கலைக் கொண்டே, திரும்புகிறோம் என்பதை மூளை அறிகிறது. விமானம் ஒரே சீராக வளைந்துகொண்டே இருந்தால் ஏறத்தாழ 20 நொடிகளில் நீர் குழலின் வேகத்தை எட்டிவிடும். பின்தங்கல் இல்லையாதலின் திருப்பமும் இல்லை என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. விமானமோ வளைந்துகொண்டேதான் இருக்கிறது! அந்நிலையில் அதனை நேராக்கினால், எதிர்ப்புறம் சாய்ந்துவிட்டது போன்ற உணர்வு எழும். அவ்வுணர்வுக்கு இணங்கியவன் பழைய சாய்வுக்கே திரும்புவான். நொடிக்கு 2 பாகைக்கும் குறைவாக, மிக மெதுவாகச் சாயும்போதோ அச்சாய்வு உணர்வுக்கே எட்டுவதில்லை.

1926ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை விமானி வில்லியம் ஆக்கர் என்பவர் சான் பிரான்சிஸ்கோவின் கிரிசி தளத்தில் மருத்துவச் சோதனைக்குச் சென்றார். மருத்துவர் டேவிட் மையர்ஸ் அவரைச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, கண்களை மூடச் செய்து சுழற்றினார். எப்பக்கம் சுழல்கிறோம் என்பதை அனுபவம் மிக்க அவ்விமானியால் சரியாகக் கூற இயலவில்லை. பின்னர் அவர் திருப்பங்காட்டும் கருவி ஒன்றைப் பெட்டியில் பொருத்தி, அதனை நோக்கியவாறே நாற்காலியில் அமர்ந்தார். இம்முறை பிழையின்றிக் கூறினார். தவறியது மனிதனின் திறமை அன்று. அவன் நம்பிய சான்றே என்பது அன்று விளங்கிற்று.

1954ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. கருவிவழிப் பறந்து பழகாத 20 பேரை, வெளிக்காட்சி தெரியாதவாறு மறைத்து, பாதுகாப்புடன் விமானம் ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். பத்தொன்பதின்மர் சுழன்று கீழிறங்கும் பாதையில் வீழ்ந்தனர். ஒருவர் முகப்பை அளவுமீறி உயர்த்தி நிலைகுலைந்தார். அவர்கள் தாக்குப்பிடித்த காலம் சராசரியாக 178 நொடிகள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை.

பொய்க்காட்சி பொய்யாகத் தோன்றுவதில்லை

அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். சுழன்று கீழிறங்கும் விமானத்தில் அமர்ந்திருப்பவன் தான் சுழல்வதாக உணர்வதில்லை. நேராகவே செல்வதாக உணர்கிறான். மித்தியாத்துவம் எனப்படும் பொய்க்காட்சியின் கொடுமையும் இதுவே. பொய்யென்று தோன்றும் பொய்யை எவரும் எளிதில் விலக்குவர். மெய்யென்றே தோன்றும் பொய்யை, உள்ளிருந்து எழும் உணர்வை மட்டும் கொண்டு விலக்குதல் அரிது.

நாம் ஒன்றை ஒளிக்காது கூறுதல் நலம். பாகப்பிரிவினையின்போது கிணற்றுப் பங்கு குறித்து நம் தம்பியோடு மாறுபட்டு, ஆறாண்டுகள் பேசாதிருந்தோம். அக்காலம் முழுவதும் ஜினாலயம் செல்லுதல் தவறவில்லை, இரவுண்ணாமை தவறவில்லை. நம் சிறகுகள் நேராகவே உள்ளன என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை. ஒரு க்ஷமாவணி நாளில் தம்பி நம் வீட்டுப் படியேறி வந்து, “அண்ணா, பொறுத்தருளுங்கள்” என்று கைகூப்பினார். அப்போது நமக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை. பிழைக்கு இணங்கிவிடுகிறோம், நேர்நிலையிலிருந்து சாய்கிறோம் என்ற கூச்சமே தோன்றிற்று. ஆறாண்டு மானம் என்னும் கஷாயத்தில் ஒருபுறமாகச் சாய்ந்து பழகிய நெஞ்சுக்கு, நேராக்கப்படுவதே சாய்வதாகத் தோன்றியது! அக்கூச்சத்தைப் பொருட்படுத்தாது நாமும் கைகூப்பினோம். அக்கூச்சம் நீங்கப் பல நாட்கள் ஆயின. நீங்கிய பின்னரே, இத்தனை ஆண்டுகள் எவ்வளவு சாய்ந்திருந்தோம் என்பது தெரிந்தது.

ஆசிரியர் கற்பிக்கும் முறை

இனி, விமான ஆசிரியர் இப்பாடத்தை எவ்வாறு கற்பிக்கிறார் என்பதைக் காண்போம். மாணாக்கனின் நெற்றியில் ஒரு மறைப்பை அணிவிக்கிறார். கருவிப்பலகை மட்டும் தெரியும், சாளரம் தெரியாது. ஆசிரியர் அருகிலிருந்து வெளியே பார்த்துக்கொள்கிறார். 1929 செப்டம்பர் 24ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த மிட்செல் தளத்தில் ஜேம்ஸ் டூலிட்டில், மூடப்பட்ட இருக்கையிலிருந்து கருவிகளை மட்டுமே நோக்கி விமானத்தை எழுப்பி, பறந்து, இறக்கிக் காட்டினார். அன்றும் முன்னிருக்கையில் பெஞ்சமின் கெல்சி என்னும் இளம் விமானி காவலுக்கு அமர்ந்திருந்தார். காண்பவர் ஒருவர் துணையிருக்கவே காணாதவர் கற்கிறார். குருவின் இடம் இதுவே.

பழைய முறைப் பலகையில் முதன்மையான கருவிகள் ஆறு. விமானத்தின் சாய்வையும் முகப்பின் நிலையையும் காட்டும் செயற்கைத் தொடுவானம், செல்திசை காட்டி, திருப்பங்காட்டி ஆகிய மூன்றும் சுழலியால் இயங்குவன. வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கமானி ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குவன. இன்று பல விமானங்களில் இவையனைத்தும் ஒளித்திரைகளில் தோன்றுகின்றன. ஆயினும் பார்க்கும் முறை மாறவில்லை. செயற்கைத் தொடுவானத்தை நோக்குக; அங்கிருந்து பிறிதொன்றை நோக்குக; மீண்டும் நடுவிற்கு வருக; மற்றொன்றிற்குச் செல்க. கண் எங்கும் தங்கலாகாது. இதில் மாணாக்கர் செய்யும் பிழைகள் மூன்று என்பர். ஒரே கருவியில் கண் நிலைகுத்தி நிற்றல். ஒரு கருவியைப் பாராது விடுதல். பலவும் சேர்ந்து கூறவேண்டியதை ஒன்றினிடமே எதிர்பார்த்து அதற்கு மிகை மதிப்பளித்தல்.

இம்மூன்றும் ஏகாந்தவாதத்தின் மூன்று முகங்கள் அல்லவா? பொருளின் ஒரு தன்மையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதுவே முழுமை என்று சாதிப்பதை அன்றோ நம் முன்னோர் ஏகாந்தம் என்று விலக்கினர்? உயரம் குறையாதிருக்கலாம், திசை மாறிக்கொண்டிருக்கலாம். திசை மாறாதிருக்கலாம்; வேகம் குறைந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொரு கருவியும் ஒரு நோக்கில் உண்மை கூறுகிறது. ஆறையும் இணைத்துப் பார்ப்பவனுக்கே விமானத்தின் முழுநிலை புலனாகும். அநேகாந்தம் ஏட்டில் உறங்கும் தத்துவம் அன்று. உயிர் காக்கும் பார்வை.

நம்பிக்கை வேறு, மூடம் வேறு

“கருவியை நம்பு” என்று கற்பித்த ஆசிரியரே, அடுத்த பாடத்தில் ஒரு கருவியின் முகத்தை வட்டத் தகட்டால் மறைத்துவிடுகிறார். அது பழுதுபட்டதாகக் கருதிக்கொண்டு, எஞ்சியவற்றைக் கொண்டே பறக்க வேண்டும். கருவியும் பழுதாகும் என்பதை மாணாக்கன் அறிய வேண்டும் அன்றோ?

1978 ஜனவரி 1ஆம் நாள் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ விமானம் சிறிது நேரத்திலேயே அரபிக்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த நிலைகாட்டும் கருவி பழுதுற்று, வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதனை மெய்யென்று கொண்டு அவர் விமானத்தை இடப்புறம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். கீழே இருண்ட கடல். கண்ணுக்குத் தொடுவானம் இல்லை. துணை விமானியின் முன்னிருந்த கருவியும் பிறவும் உண்மையையே காட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கொண்டு நிலையை மீட்பதற்குள் காலம் கடந்துவிட்டது. மாண்டோரைக் குறை கூற நாம் இதனைச் சொல்லவில்லை. அத்தனை உயிர்களின் இழப்பு நமக்கு ஒரு பாடமாகட்டும் என்றே சொல்கிறோம்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. அதனோடு நில்லாது, மயக்கமின்மை என்னும் அமூடதிருஷ்டியையும் நான்காவது உறுப்பாக வைத்தனர் அறவோர். ஒப்பிட்டுப் பாராது ஒன்றைப் பற்றிக்கொள்வது நம்பிக்கை அன்று, மூடம் என்பது அவர்தம் கருத்து. உவமைக்கும் எல்லை உண்டு. கருவி மனிதன் செய்தது; ஜினவாக்கு கேவலஞானத்தில் தோன்றியது என்பது நம் துணிபு. ஆயினும் அவ்வாக்கைப் படித்துப் பொருள்கொள்ளும் நம் அறிவு பழுதுறக்கூடியது அன்றோ? ஆதலின் ஆகமத்தையும், அளவை நூல் காட்டும் முறையையும், சான்றோர் ஒழுக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காண்க. நம் பிள்ளைகள் வினவுவது ஐயக்குற்றம் ஆகாது. பலகை முழுவதையும் பார்க்கக் கற்கும் முயற்சியே ஆகும்.

வீழ்வோரை நிறுத்துதல்

இன்னுமொரு பாடம் உண்டு. ஆசிரியர் மாணாக்கனைக் கண்மூடித் தலைகுனியச் சொல்லி, விமானத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, ஒரு விபரீத நிலையில் வைத்து, “இப்போது மீட்டெடு” என்கிறார். முகப்பு தாழ்ந்து, வேகம் ஏறி, விமானம் சுழன்று இறங்குகிறது. அச்சத்தில் எவருக்கும் தோன்றுவது, முகப்பைச் சட்டென்று மேலே இழுப்பதே. சாய்ந்த நிலையில் இழுத்தால் சுழற்சி மேலும் இறுகும். விமானத்தின் உடலே முறியவும் கூடும். முதலில் விசையைக் குறைக்க வேண்டும். அடுத்துச் சிறகுகளை நேராக்க வேண்டும். அதன்பின்னரே முகப்பை மெல்ல உயர்த்த வேண்டும்.

நெறி பிறழ்ந்த மகனையோ, கடனிலும் குடியிலும் வீழ்ந்த உறவினரையோ மீட்க நினைக்கும் குடும்பத்தார் இவ்வரிசையை மனத்திற் கொள்க. கடுஞ்சொல்லால் ஒரே இழுப்பில் உயர்த்த முயல்வோர் சுழற்சியை இறுக்குகின்றனர். முதலில் இரு பக்கத்திலும் சினத்தின் விசை குறைதல் வேண்டும். பின்னர் அவருடைய அன்றாட வாழ்க்கை சமநிலைப்பட வேண்டும். விரதமும் உயர்வும் அதற்குப் பின்னர். ஸ்திதிகரணம் என்னும் ஆறாம் உறுப்பு, வீழ்வோரை நெறியில் நிறுத்துமாறு பணிக்கிறது. ஆசிரியர் மாணாக்கனை இகழாது, தாமும் அதே விமானத்தில் அமர்ந்துகொண்டே கற்பிக்கிறார் என்பதை மறவாதிருப்போம்.

நாள்தோறும் பயிற்சி

அமெரிக்க விதிப்படி, கருவிவழிப் பறக்கும் தகுதி பெற 40 மணி நேரக் கருவிப் பயிற்சி தேவை. தகுதி பெற்ற பின்னும், கடந்த ஆறு திங்களுக்குள் ஆறு முறையேனும் கருவி துணைக்கொண்டு தளத்தை அணுகிப் பழகியிராதவர், தனிப் பொறுப்பில் மேகத்துள் செல்லலாகாது. ஏனெனில் உட்செவி திருந்துவதில்லை. நாற்பது மணிக்குப் பின்னும் அது பழையபடியே பொய் கூறும். திருந்துவது, அப்பொய்க்கு இணங்கும் பழக்கம் மட்டுமே.

நம் நிலையும் அதுவே. சினமும் செருக்கும் மாயமும் பற்றும் ஒரே நாளில் ஒழிந்துவிடா. அவை எழுந்து, “நீ நேராகவே இருக்கிறாய்” என்று கூறிக்கொண்டேதான் இருக்கும். அதனாலேயே சாமாயிகம் நாள்தோறும் விதிக்கப்பட்டது. பிரதிக்கிரமணம் மீண்டும் மீண்டும் செய்யுமாறு பணிக்கப்பட்டது. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஒரு நாழிகை அமர்ந்து பலகையைப் பார்ப்போம். எவரிடம் பேசாதிருக்கிறோம்? எப்பொருளில் கண் நிலைகுத்தி நிற்கிறது? எதனைப் பாராது விட்டோம்? நேராக்கும்போது கூச்சம் தோன்றினால் அஞ்சவேண்டா. அது பழைய சாய்வின் எச்சமே.

மேகம் வரும்முன் கற்றவனே மேகத்துள் பிழைக்கிறான். வளர்க ஜினதருமம்!