பிறர் நோயும் நம் வினையும்

ஒரு மனிதன் நோயுற்றுக் கிடப்பதைக் காணும்போது, அவனுக்கு என்ன செய்யலாம் என்ற எண்ணம் தோன்றுவதற்கு முன்னதாகவே, அவனுக்கு இது ஏன் வந்தது என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுந்துவிடுகிறது. நம் நாட்டில் அக்கேள்விக்கு ஆயத்தமான விடையும் ஒன்று உண்டு. 'அவன் செய்த வினை, அவன் அனுபவிக்கிறான்' என்று சொல்லிவிட்டால், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் மேற்கொண்டு வேலையில்லை. இவ்விடை மெய்தானா, மெய்யாயினும் அதைச் சொல்லும் உரிமை எவருக்கு உண்டு, அதை நம்புகிறவன் நோயாளியின் பொருட்டு ஏதேனும் செய்யக் கடமைப்பட்டவன்தானா என்பனவெல்லாம் பழைய வினாக்களே. ஆயினும் பொது சுகாதாரம் என்றும் சமூக சேவை என்றும் பெயர் பூண்ட தர்ம ஸ்தாபனங்கள் பல்கிப் பெருகிய இக்காலத்திலும் அவை தீர்ந்துபோய்விடவில்லை.

கர்மக் கொள்கையை இகழ்ந்து பேசுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. தீராத துன்பத்தில் அகப்பட்ட ஒருவன், 'இது காரணமின்றி என்மேல் விழுந்த கொடுமையன்று. என்னால் விளைந்தது, ஆகவே என்னாலேயே கழியும்' என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளுங்கால், அக்கொள்கை அவனுக்குப் பொறுமையையும் நம்பிக்கையையும் ஒருங்கே அளிக்கிறது. உலகம் குருட்டு யதேச்சையால் நடைபெறவில்லை என்னும் உறுதி, வலியோடு விழித்திருக்கும் இராப்பொழுதில் சாமானியமான துணையன்று. ஆனால் அதே வாக்கியத்தை, உடல் நலத்தோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் அயல்வீட்டுக்காரர் உச்சரிக்கும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. துன்புறுகிறவன் வாயில் ஆறுதலாக இருந்தது, துன்பமில்லாதவன் வாயில் தீர்ப்பாகிவிடுகிறது. அத்தீர்ப்பின் மறைவில் அவனுடைய சோம்பலும் அச்சமும் அருவருப்பும் சௌகரியமாக ஒதுங்கிக்கொள்கின்றன.

இவ்வுண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தொழுநோயைப்போல் தகுந்த உரைகல் வேறில்லை. கிருஷ்ணனுடைய குமாரனாகிய சாம்பன் சாபத்தால் குஷ்டம் அடைந்து சூரியனை வழிபட்டு நீங்கப்பெற்றான் என்று புராணம் பேசுகிறது. பாவத்தின் அடையாளம் இது என்ற எண்ணம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதுமன்று. பெற்ற மகனைத் தந்தை வீட்டுக்கு வெளியே கொட்டகை கட்டி இருத்தியதற்கும், மணந்த மனைவியைக் கணவன் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு மீண்டும் அழையாமல் இருந்ததற்கும் இந்த எண்ணமே நியாயம் வழங்கிற்று. 1898-ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கம் இயற்றிய தொழுநோயாளர் சட்டமோ, பிச்சை எடுத்தோ ஜீவனோபாயமின்றியோ திரியும் ஏழை நோயாளியைப் பிடித்து விடுதியில் அடைக்க வகை செய்தது. சொந்த வீடும் சொத்தும் உடைய நோயாளியின் கதவை அது தட்டவில்லை. கிருமி இருவரிடத்தும் ஒன்றே, சிறைப்பட்டது வறுமை. நோய் கண்டவரிடமிருந்து விவாகரத்துப் பெறலாம் என்று மணச் சட்டங்களில் இருந்த விதி, 2019-ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது என்பதை நினைத்தால், பழைய எண்ணம் எத்துணை ஆழமாக வேரோடியிருந்தது என்பது விளங்கும்.

இனி, நம் சாஸ்திரங்கள் உண்மையில் என்ன சொல்லுகின்றன என்று பார்ப்போம். மோளிய சீவகன் என்னும் பரிவ்ராஜகன் புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பங்கள் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகிறார்களே, இதுபற்றித் தங்கள் கருத்து யாது என்று கேட்டதாக ஸம்யுத்த நிகாயம் தெரிவிக்கிறது. பித்தத்தாலும், சிலேஷ்மத்தாலும், வாதத்தாலும், இவை கூடுவதாலும், பருவ மாறுதலாலும், உடலை ஒழுங்காகப் பேணாமையாலும், பிறர் தாக்குதலாலும் துன்பம் வருவதுண்டு என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி, எட்டாவதாகவே வினையை வைத்து, எல்லாவற்றையும் வினையின் தலையில் ஏற்றுகிறவர்கள் உலகம் கண்கூடாக அறிந்ததைக் கடந்து பேசுகிறார்கள் என்று புத்தர் விடையிறுத்தார். மறுபிறப்பையும் வினையையும் மறுக்காத ஒருவரிடமிருந்து இவ்விடை வந்தது என்பது கருதத்தக்கது.

அவரே சுப்பபுத்தன் என்ற தொழுநோயாளியை நடத்திய விதம் இன்னும் நுட்பமானது. ராஜகிருகத்தில் ஜனங்கள் கூடியிருப்பதைத் தொலைவிலிருந்து கண்ட அந்த ஏழை, அங்கே அன்னம் வழங்குகிறார்கள் போலும் என்று கருதி அணுகினான். அன்னமில்லை, உபதேசமே நடைபெறுகிறது என்று கண்டு ஓர் ஓரமாக அமர்ந்தான். அந்தச் சபையில் தர்மத்தை உணரத் தகுதி பெற்றவர் யார் என்று நோக்கிய புத்தருடைய பார்வை அவன்மேல் விழுந்தது. அவனை முன்னிட்டே அவர் உபதேசத்தைத் தொடங்கினார். அவன் நோயின் பூர்வ காரணம் இன்னதென்று அவர் உரைத்ததும் உண்டு. ஆனால் அவன் இறந்த பிறகு, பிட்சுக்கள் வினவியபொழுதுதான் உரைத்தார். உயிரோடு எதிரே அமர்ந்திருந்தவனிடம் அவர் காரணம் பேசவில்லை. அவனுடைய தகுதியைக் கண்டார். வினைக் கொள்கையை எப்போது பேசலாம், எப்போது பேசலாகாது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான இலக்கணம் வேண்டுவதில்லை.

பசித்தவனுக்கும் பிணியாளனுக்கும் உதவுவது, அவனைத் தண்டிக்கும் ஈசுவரன் கட்டளைக்கு விரோதமாகாதா என்ற ஆட்சேபத்தை வள்ளலார் நேருக்கு நேராகவே எடுத்து ஆராய்ந்தார். பெருங்குற்றம் புரிந்து சிறையில் இருப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவளிக்கிறானே, அது அரசன் ஆணைக்கு மாறாகுமா என்பது ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் காட்டும் நியாயம். 1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, அந்நியாயத்தைச் செய்கையாலும் அவர் மெய்ப்பித்தார். வினையை நம்புகிறவனும் கை நீட்டி உதவியே தீர வேண்டும் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டுவிட்டது. எனினும், வினையை நம்புகிறவனை அவன் நிலையில் நின்றே மறுப்பதற்காக எடுத்த இந்த உவமையில், நோயாளி இன்னும் குற்றவாளியாகவே இருக்கிறான். சோறிடுகிறவன் மதிலுக்கு இப்பால் நிற்கிறான். அந்த மதில் மெய்தானா என்று கேட்பதற்கு நாம் வேறொரு நூலை நாட வேண்டியிருக்கிறது.

சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், ஜனபதங்கள் அழிவதைப் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. பாஞ்சாலரின் தலைநகராகிய காம்பில்யத்தில், கங்கைக் கரை வனத்தில் மாணாக்கரோடு உலாவிய ஆத்ரேயரிடம் அக்னிவேசன் ஒரு சந்தேகம் கேட்கிறான். மனிதர்கள் பிரகிருதியால் வேறுபட்டவர்கள். உணவும் வயதும் பலமும் பழக்கமும் ஆளுக்கு ஆள் வேறு. அங்ஙனமிருக்க ஒரே காலத்தில் ஒரே நோய் ஒரு நாட்டையே எப்படி அழிக்கிறது? ஆத்ரேயர் விடை கூறுகிறார்: அவை வேறுபட்டாலும், காற்றும் நீரும் நிலமும் காலமும் எல்லோருக்கும் பொது, அப்பொதுப் பொருள்கள் கெடும்போது எல்லோரும் கெடுகிறார்கள். அவை கெடுவதற்கு மூலம் யாதெனின், அதர்மம். தேசத்துக்கும் நகரத்துக்கும் தலைவராயிருப்பவர் தர்மத்தை மீறும்போது, அவரைச் சார்ந்தவரும் நகரத்தாரும் வணிகரும் அதனைப் பெருக்குகிறார்கள் என்று அவர் விரித்துரைக்கிறார். ஆயுள் முன்னரே நிர்ணயிக்கப்பட்டதா என்ற அடுத்த கேள்விக்கும், தைவமும் புருஷப் பிரயத்தனமும் சேர்ந்தே அதை நடத்துகின்றன என்றும், எல்லாம் விதித்தபடியே என்றால் மருந்துக்கும் எச்சரிக்கைக்கும் இடமேயில்லை என்றும் விடை பகர்கிறார்.

இங்கே வினைக் கொள்கை மறுக்கப்படவில்லை. அதன் முகவரி மாற்றப்படுகிறது. நோயாளியின் பூர்வ ஜன்மத்தில் தேடப்பட்ட பாவம், ஊர்த் தலைவரின் அலட்சியத்திலும் வணிகரின் பேராசையிலும் குடிமக்களின் உடந்தையிலும் இருப்பதாகக் காட்டப்படுகிறது. வினை உண்டு, ஆனால் ஒருவன் செய்ததை மற்றொருவன் அனுபவிக்கிறான். சாக்கடை நீர் கலந்த குடிநீரால் குழந்தைக்கு வாந்திபேதி கண்டால், அது குழந்தையின் பிராரப்தமா, குழாய் பதித்தவரின் பிராரப்தமா என்று வினவுவதற்கு இவ்வத்தியாயம் நமக்குச் சாஸ்திரப் பிரமாணம் தருகிறது.

தொழுநோயின் வரலாறும் இவ்வாறே விளங்கிவந்திருக்கிறது. 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஹான்சென் என்னும் வைத்தியர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு என்பதும், நெருக்கமான குடிசைகளில் போஷணையின்றி வாழ்வோரிடையே அது எளிதில் பரவுகிறது என்பதும் பின்னர் தெளிந்தன. 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியதோடு, அதனினும் பெரிய உண்மையொன்றை நிலைநாட்டினார். விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்து வலி தெரியாமற் போவதால், சுடும் பாத்திரத்தைப் பிடித்தும், ஆணி ஏறிய காலோடு நடந்தும், உறங்குகையில் எலி கடிப்பதையும் உணராமலும் அவர்கள் தம் அங்கங்களை இழக்கிறார்கள். பகவானுடைய கோபத்தின் முத்திரை என்று தலைமுறை தலைமுறையாக எண்ணப்பட்டது, மிருதுவான ரப்பர் அடி வைத்த ஒரு ஜோடிச் செருப்பால் பெரிதும் தடுக்கக்கூடிய காயம் என்று தெரியவந்தது. அந்தச் செருப்பை அவனுக்குத் தைத்துக் கொடுக்காத வினை எவருடையது?

காரணத்தில் நமக்குப் பங்கு உண்டென்று ஒப்புக்கொண்டால், உதவியின் இயல்பும் மாறியே தீரும். புண்ணியம் கருதிச் செய்யும் தானத்துக்கு ஏற்பவன் ஒருவன் என்றும் வேண்டும். கோயில் வாசலில் யாசகர் வரிசை இல்லாமற் போனால் அத்தகைய தர்மவான் தம் நாணயத்தை எங்கே இடுவது என்று கலங்கிப்போவார். கடன் தீர்க்கிறவன் மனோபாவமோ வேறு. கடன் கொடுத்தவன் வந்து கேட்கும்வரை அவன் காத்திருப்பதில்லை, தேடிக்கொண்டு போகிறான். காந்தியடிகள், நோய் கண்ட சம்ஸ்கிருத பண்டிதராகிய பர்ச்சுரே சாஸ்திரியைச் சேவாகிராமத்தில் தம் குடிலுக்கு அருகே இருத்தித் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டது, இந்த மனோபாவத்தின் தொடக்கம். அவர் நினைவாக 1951-ஆம் ஆண்டு வார்தாவில் எழுந்த காந்தி நினைவுத் தொழுநோய் நிறுவனம் அதை ஒரு முறையாகவே வகுத்தது. விடுதி கட்டி நோயாளி வருவதற்காகக் காத்திராமல், வீடு வீடாகச் சென்று பரிசோதித்து, ஊராருக்கு விளக்கி, தாப்ஸோன் மாத்திரையை அவரவர் இல்லத்திலேயே தந்து, குடும்பத்திலிருந்து பிரிக்காமல் குணப்படுத்துவது என்பது அம்முறை. அரசாங்கமும் பின்னர் அவ்வழியையே மேற்கொண்டது.

மஹாராஷ்டிரத்தில் வரோராவுக்கு அருகே பாபா ஆம்தே தோற்றுவித்த ஆனந்தவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிச்சை மனிதனை அழிக்கும், உழைப்பே அவனை ஆக்கும் என்ற உறுதியோடு, கற்பாறை நிலத்தில் நோயாளிகளே கிணறு வெட்டினார்கள், பயிர் செய்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். நாளடைவில் அங்கே ஒரு கல்லூரியும் எழுந்தது. எவரை ஊர் விலக்கிற்றோ அவருடைய பூமியில், விலக்கிய ஊர்களின் பிள்ளைகள் வந்து கல்வி பயின்றார்கள். கொடுப்பவன் யார், கொள்பவன் யார் என்ற கணக்கே அங்கே தலைகீழாயிற்று. ஏற்றவன் கொடுப்பவனாக உயரும்போதுதான் உதவி தன் முழுமையை எய்துகிறது. என்றென்றும் ஏற்பவனாகவே ஒருவனை நிறுத்திவைக்கும் தானம், எத்துணைப் பெரியதாயினும் பாதி வழியில் நின்றுவிட்ட தானமே.

இவையெல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்றே, தர்ம ஸ்தாபனங்களுக்கு இனி என்ன இடம் என்று வினவுவார் உண்டு. 1982-ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. லட்சக் கணக்கானோர் குணமடைந்தார்கள். 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழாக நோய் இந்தியாவில் குறைந்தது. இது அரசாங்கத்தின் அகன்ற கரங்களாலன்றி வேறெதனாலும் கைகூடியிராது. ஆனால் 'ஒழிக்கப்பட்டது' என்ற பிரகடனத்தோடு பலருடைய கவனமும் ஒழிந்தது. இன்றும் உலகில் புதிதாக இந்நோய் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர் இந்நாட்டினரே. கிருமி நீங்கியும் கை மடங்கியவருக்கு வேலையும், அவர் மகளுக்கு வரனும், முதிய நோயாளிக்கு மாற்றுச் செருப்பும் எந்த விகிதாசாரக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. எண்ணிக்கை குறைந்த பிறகும் எஞ்சியிருக்கும் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்து விசாரிப்பதே தன்னார்வ ஸ்தாபனங்களுக்கு உரிய தர்மம்.

அவற்றுக்குரிய அபாயமும் ஒன்று உண்டு. ஒரு துன்பத்தைப் போக்குவதற்கென்று எழும் ஸ்தாபனம், காலப்போக்கில் தன் கட்டடத்தையும் பதவிகளையும் காப்பதற்கு அத்துன்பத்தின் துணையையே நாடும்படி ஆகிவிடலாம். நன்கொடை திரட்டுவதற்காக நோயாளியின் சிதைந்த முகத்தைப் படமெடுத்துக் காட்டுகிறவர், தாம் எந்த அவமானத்தைத் துடைக்கப் புறப்பட்டாரோ அதையே விற்கிறார். பயனில் பற்றின்றிக் கர்மம் செய்க என்ற கீதையின் உபதேசம் தனி மனிதனுக்கு மட்டும் ஆனதன்று. ஸ்தாபனங்களுக்கும் அது பொருந்தும். தன் கதவு அடைபடும் நாளை விரும்பி எதிர்பார்த்து உழைக்கும் சபையே நிஷ்காமமாகத் தொண்டு செய்யும் சபை.

ஆகவே, கர்மத்தை நம்புகிறவர்கள் தம் நம்பிக்கையைக் கைவிட வேண்டுவதில்லை; அதைத் தம்மிடத்திலேயே பிரயோகித்தால் போதும். தனக்கு வந்த துன்பத்தை வினையென்று ஏற்பது அவரவர் விவேகம். பிறருக்கு வந்த துன்பத்தின் முன் நிற்கும்போதோ, அவருடைய முற்பிறவியை ஆராய நமக்குக் கண்ணில்லை. அவர் குடிக்கும் நீரையும் வசிக்கும் இடத்தையும் அவருக்கு எட்டாத மருந்தையும் ஆராயக் கண் உண்டு. அவற்றில் நம் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அவ்வளவையும் செலுத்தித் தீர்த்த பின்னரும் எஞ்சுகின்ற துன்பம் உண்டானால், அதற்கு வினை என்று பெயரிடுவோம். அதுவரையில் அந்தச் சொல்லைப் பிறர்மேல் எடுத்தாளும் உரிமை நமக்கில்லை.