கண்ணாடிக்குள் உமா

கலை வரலாறுதான் என் துறை. முதலாண்டுப் பாடப் பதிவில் ஓர் இடம் மிச்சம்: இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியமா, இந்தியச் சிற்பமா?

"மைக்கலாஞ்சலோவையே எடு. நம்ம சாமிய பரீட்சைக்குப் படிச்சா, அப்புறம் கும்பிட மனசு வருமா?" என்றார் அம்மா.

எனக்கும் அந்தப் பயம்தான். உயரம், உலோகம், நூற்றாண்டு என்று குறித்துப் பழகிய கை, கூப்பத் தயங்குமோ?

அப்போதுதான் உமா பரமேஸ்வரி நினைவுக்கு வந்தாள். 11ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலை. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் 650,000 அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடு போனவள் என்பது பிறகுதான் தெரிந்தது. 2015இல் இந்தியாவிடம் திருப்பித் தர முடிவானது.

அந்தக் கோயில் சிலைகளை அடையாளம் காண உதவியவை, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். சிலையைச் சிலையாகப் பார்த்து யாரோ படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்ட நம்மில் எத்தனை பேர், "எங்கிருந்து வந்தாய் தாயே?" என்று கேட்டோம்?

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, எடு. ஆனா அளக்கிறதுக்கு முன்னாடி ஒரு கும்பிடு போட்டுடு."

மைக்கலாஞ்சலோ இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டார்.