படைத்தவன் பேசலாமா?

கலை பேசவேண்டும்; கலைஞன் பேசலாகாது என்பர் சிலர். கேட்பதற்கு இனிய வாசகந்தான்! அடக்கத்தின் அழகும் அதிலே உண்டு. ஆனால், யார் வாய்மூடியிருந்தால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டுப் பார்ப்பதன்றோ பகுத்தறிவு?

தஞ்சைப் பெரிய கோயிலைக் காணுங்கள். குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயரை அதன் கல்வெட்டு காட்டுகிறது. ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களைக் காட்டுகிறது. கொடுத்த பொன்னுக்கும் அளந்த நெய்க்குங்கூடக் கணக்கு இருக்கிறது. பெயர் உண்டு, பேச்சு இல்லை! அத்துணைக் கல்லை அத்துணை உயரத்துக்கு ஏற்றிய வழி யாது? தச்சன் வாய்மொழி ஒன்றும் நம்மிடம் வரவில்லை. அந்த வெற்றிடத்திலே கட்டுக்கதை குடியேறிற்று. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றனர். விழும் நிழலிலே நின்றுகொண்டே அதை நம்பினர்! செய்தவன் விளக்காத இடத்தில், செய்யாதவன் கதை அளக்கிறான்.

மேனாட்டுக்குச் செல்வோம். 1877இல் விஸ்லர் என்னும் ஓவியர் இலண்டனிலே இரவு வானில் சிதறும் வாணவேடிக்கையைத் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். புகழ்பெற்ற திறனாய்வாளர் ரஸ்கின், வண்ணச் சட்டியை மக்கள் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்கிறார் என்று ஏசினார். 1878இல் வழக்கு மன்றம் ஏறிற்று. சில நாள் வேலைக்கா இவ்வளவு விலை என்று குறுக்கு விசாரணை. அந்த வேலைக்கு அன்று, வாழ்நாளெல்லாம் தேடிய அறிவுக்கு என்பது ஓவியர் தந்த விடையின் சாரம். வென்றார், கிடைத்த இழப்பீடோ கால் பென்னி! மறு ஆண்டு அவர் கடனில் மூழ்கி நொடித்தார். ஆயினும் வாய் ஓயவில்லை. 1885இல் இரவு பத்து மணிக்குப் பேரவை கூட்டிக் கலை பற்றிப் பேசினார். பேசிய துணிவைப் போற்றுகிறோம். ஆனால், பொதுமக்களுக்கு எட்டாத உயரத்திலே கலையை ஏற்றி வைத்தார் அப்பேச்சில். அங்கே நாம் அவரிடமிருந்து விடைபெற்றுக்கொள்கிறோம்.

நம் நாட்டிலும் அந்த உயரம் உண்டு. 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்ற ஓவியர் சிற்றூரைத் தோழர்களுடன் நிறுவியவர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையிலே எழுத்துப் போன்ற கோடுகள் நிறைந்திருக்கும்; படிக்க முயன்றால் படிக்க வராது. புதுமைதான், சிறப்புத்தான்! ஆனால், அதன்முன் நிற்கும் உழைப்பாளி, தான் படிக்காததுதான் குறை என்று தலைகுனிவான். படிப்பதற்கன்று, பார்ப்பதற்கே இந்த எழுத்து என்று தமிழிலே ஒரு சொல் சொல்லப்பட்டால் அவன் தலை நிமிரும். அந்த வட்டத்து ஓவியர்கள் கலை பற்றிப் பேச இதழும் நடத்தினர் - ஆங்கிலத்தில்!

அப்படியானால் எப்படிப் பேசுவது? காரைக்கால் கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டுக்கு வாருங்கள். வலை பொத்தும் மீனவரிடம் கேளுங்கள். இந்த வலைக்கண் ஏன் இத்துணை அகலம், மிதவை ஏன் இங்கே, ஈயக்குண்டு ஏன் அங்கே - கைவேலை நில்லாமலே காரணம் சொல்லுவார். அருள் வந்து முடைந்தேன் என்னார். வலையே பேசும் என்று மழுப்பார். ஆனால், எந்த மீன் வந்து விழும் என்று ஆணையிடவும் மாட்டார்.

கலைஞனுக்கும் அதுவே அளவு. எப்படிச் செய்தான் என்பதற்கு அவனே முதற்சாட்சி. என்ன பொருள் என்பதற்கு அவன் நீதிபதி அல்லன். பார்ப்பவர் பலருள் அவனும் ஒருவன். சாட்சி சொல்ல மறுப்பது கடமை தவறுதல்; தீர்ப்பையும் தானே எழுதுவது ஆணவம்.

2004 டிசம்பர் 26இல் இவ்வூரை ஆழிப்பேரலை தாக்கிற்று. அந்த அலையை இவ்வூர் இளைஞன் ஒருவன் தீட்டுவதாக வைத்துக்கொள்வோம். வாய்மூடி நின்றால் என்ன நடக்கும்? வாங்க வருவோர் 'அழகான நீலம்' என்பர். அல்லது 'ஐயோ பாவம்' என்பர். வரவேற்பறைச் சுவருக்கு நிறம் தேடுவார் ஒருவர். இரக்கத்துக்கு விலை பேசுவார் இன்னொருவர். அந்த நீலத்தை ஏன் தேர்ந்தான், எத்தனை முறை அழித்தான், எவரிடம் கற்றான் என்பதை அவன் எழுந்து சொன்னால்தான், இரக்கத்துக்குரியவனாக அன்றி, அறிந்து செய்தவனாக மதிக்கப்படுவான்.

எனவே இளைஞர்களே, பேசப் பழகுங்கள்! செலவைச் சொல்லுங்கள், நாட்களைச் சொல்லுங்கள், பிறரிடம் பெற்றதை ஒளிக்காதீர்கள், கேள்விக்கு இடம் விடுங்கள். அம்மாவுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். அழைக்கும் மன்றத்தாருக்கும் ஒன்று சொல்வோம். பேச்சும் உழைப்பே! பொன்னாடை போர்த்திக் கைதட்டிப் பேருந்துக்குக்கூடக் காசின்றி அனுப்பும் வழக்கத்தை விட்டொழியுங்கள். கலைஞனுக்கு ஊதியம் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவனைக் கேள்வி கேளுங்கள்.