தலோஷுக்கு ஒரு வீடு

டோனி காட்லிஃபின் 'கோர்கோரோ' (2009) முடிந்ததும், கூட உட்கார்ந்து பார்த்த நண்பன் கேட்டான்: "அதான் வீடு கெடைச்சிருச்சே, அங்கேயே இருந்திருக்கலாம்ல?" எனக்குப் பதில் வரவில்லை. படம் ஓடும்போது நானும் அதையேதான் நினைத்தேன்.

இரண்டாம் உலகப்போர்க்கால பிரான்ஸ். ஒரு ரோமா குடும்பம் குதிரை வண்டிகளில், வழக்கமாக வேலைக்கு வரும் கிராமத்துக்கு வருகிறது. ஊர் ஊராகப் போவது இப்போது குற்றம். பிடித்து முகாமில் அடைக்கிறார்கள். கிராமத்து மேயர் தியோதோர், தன் தாத்தாவின் வீட்டைப் பேருக்கு ஒரு விலை போட்டு அவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறார். சொந்த வீடு இருப்பவன் நாடோடி இல்லை. முகாம் கதவு திறக்கிறது. அப்பாடா என்றிருந்தது.

அந்த வீட்டில் தலோஷ் குழாயைத் திறந்துவிடுகிறான். தண்ணீர் படிகளில் வழிந்தோட, அடைபட்ட உயிரை விடுவித்தவனைப்போலக் குதூகலிக்கிறான். சிரித்தேன். ஆனால், அவர்கள் மறுபடி வண்டி பூட்டிக் கிளம்பியபோது கோபம் வந்தது. வழியில் பிடிபடுகிறார்கள். தலோஷுக்கு மூலமான நிஜ மனிதரும் இப்படித்தான். வீடு வாங்கி விடுதலையானவர், சுவர்களுக்குள் இருக்க முடியாமல் கிளம்பிப் பிடிபட்டார்.

என் கோபம் யார் மேல்? 1912லேயே பிரெஞ்சுக் குடியரசு நாடோடிகளின் கைரேகையையும் உடல் அளவுகளையும் பதிந்து கையில் ஓர் ஏடு கொடுத்தது. ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் அதில் முத்திரை வாங்க வேண்டும். 1940 ஏப்ரலில், ஜெர்மன் படை நுழையும் முன்பே, அவர்கள் நடமாடத் தடைபோட்டதும் அதே குடியரசுதான். போர் முடிந்தும் 1946 வரை சிலர் முகாமிலேயே கிடந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு நான் கோபப்பட்டது தலோஷிடம்.

தியோதோரைக் குறை சொல்ல மாட்டேன். உயிரைப் பணயம் வைத்தவர். வேறு வழியும் இல்லை. ஆனாலும் "எங்களைப்போல மாறினால் பிழைக்கலாம்" என்ற சட்டத்துக்கு உட்பட்டுத்தான் அவரால் கருணை காட்ட முடிந்தது. சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்த எனக்கு என்ன நெருக்கடி? நான் ஏன் அந்தச் சட்டத்தின் கண்ணாலேயே பார்த்தேன்?

நண்பனிடம் பிறகு சொன்னேன்: "அவன் ஏன் கெளம்பினான்னு கேக்குறோம். உசுரோட இருக்க வீட்டுப் பத்திரம் ஏன் வேணும்னு கேக்கவே இல்லையே?"

"உசுரு முக்கியம்டா," என்றான்.

அதுவும் சரிதான். அதனால்தான் இந்தப் படத்தை விட்டு என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை.