கையிலிருந்து கைக்கு

கண்டிக்கு அருகே ஹேனவல கிராமத்தில் தும்பறைப் பாய் நெய்யும் குடும்பங்கள் உண்டு. ஹன என்னும் நார்ச்செடியின் இலையைச் சுரண்டி நார் எடுப்பது, மரமஞ்சளிலும் பதிமுகத்திலும் சாயமேற்றுவது, தறியில் யானையும் மானும் எழும்பும்படி இழை கோப்பது எல்லாமே அங்கே வீட்டுப் பாடம்.

2021-இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. உரிய பெருமைதான், ஆனால் பட்டியல் நெய்யாது.

எவ்வளவு இழுத்தால் நார் அறும் என்பதை எழுதிவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பழகிய விரலுக்குத்தான் அது தெரியும். தையலும் அப்படியே: பெரியம்மாவிடம் ஓரம் மடித்துத் தைக்கவும், அடுத்த வீட்டு அக்காவிடம் சட்டைக்கு அளவெடுத்து வெட்டவும் கற்ற பெண்கள், அதே கத்தரிக்கோலைத் தங்கள் மகள்மாரிடம் கொடுத்துப் பழக்குகிறார்கள்; மகன்மாரும் கேட்டால், அவர்களுக்கும்.